வயல்வெளி மீனும் மனித இருதயமும்



கிராஞ்சி என்றதும் உங்களில் பலருக்குப் போர்வீரர் நினைவிடமே முதலில் மனத்தில் தோன்றும். சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் வட்டாரம் அது. 1975ஆம் ஆண்டில் அங்கே ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து அணை கட்டினார்கள். கடல்நீர் ஏறி இறங்கிய இடம் நன்னீர்த் தேக்கமாயிற்று. அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் காய்கறித் தோட்டங்களும் அலங்கார மீன் பண்ணைகளும் அமைந்தன. சிங்கப்பூர் அலங்கார மீன் ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற நாடு என்பது நீங்கள் அறிந்ததே.

அலங்கார மீன் விற்கும் கடை எதற்குப் போனாலும் ஒரு சின்னஞ்சிறு மீனைக் காணலாம். நம் சுண்டுவிரலைவிடச் சிறியது. வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால்வரை நீலக் கோடுகள் ஓடும். வரிக்குதிரை மீன் என்பது அதன் பெயர். விலையும் மலிவு. பிள்ளைகள் கண்ணாடிப் புட்டியில் போட்டு வளர்ப்பார்கள். இந்த அற்ப மீனுக்கும் நம் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருக்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பு உண்டான வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் சீனர்களைக் காட்டிலும் இந்தியர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்பது பல ஆண்டுக் கணக்கெடுப்புகளில் தெரிந்த உண்மை. நீரிணைக்கு அப்பால் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருக்கும் நம் குடும்பங்களிலும் இது புதிய செய்தியன்று. காலையில் வேலைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மாலையில் அவர் இல்லை என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆகவே, இருதயத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதுவாயினும் அது நம் வீட்டுச் செய்திதான்.

கதை நம் வயல்வெளிகளிலேயே தொடங்குகிறது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்தார். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு, புதிதாகக் கைக்கு வந்த நிலங்களில் என்ன விளைகிறது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுதும்படி கம்பெனி அவரை அனுப்பியது. 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர், கோயம்புத்தூர், மலபார் என்று அவர் சுற்றி வந்தார். பின்னர் வங்காளத்திலும் பீகாரிலும் அதே வேலையைச் செய்தார். போன இடமெல்லாம் ஆற்று மீன்களையும் கவனித்துக் குறித்து வைத்தார். பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்ட அவர், 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அந்த நூலில்தான் கோசி ஆற்றில் கண்ட நம் வரிக்குதிரை மீன் முதன்முதலாக விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் விஞ்ஞானப் பெயர் டேனியோ ரேரியோ. டேனியோ என்பது, நெல்வயலைச் சேர்ந்தது என்று பொருள்படும் வங்காளச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பெயர் பொருத்தமானதே. வாய்க்கால், குட்டை, நெல்வயலில் தேங்கும் நீர் ஆகியவையே இந்த மீனின் பிறந்த வீடு.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது; ஆனால் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கப்பட்டதே மிகுதி. பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தபோதும் இப்படித்தான். அவை மலாயாவின் முகத்தையே மாற்றப் போகின்றன என்று அன்று பலர் நம்பவில்லை. ரிட்லி என்ற ஒருவர் மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, விடாமல் பரப்பியதால் அல்லவா தோட்டங்கள் பெருகின? வரிக்குதிரை மீனுக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர். ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். ஓரிகன் பல்கலைக் கழகத்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றினார். முதுகெலும்புள்ள உயிர் ஒன்றில் மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர் விரும்பினார். எலியை வளர்க்க இடமும் பணமும் மிகுதியாக வேண்டும். அதன் கருவோ தாயின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும். எனவே கடையில் கிடைக்கும் வரிக்குதிரை மீனைத் தேர்ந்தெடுத்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாக, ஒரே அச்சில் வார்த்தாற்போல் மரபணு மாறாத மீன் வமிசங்களை உண்டாக்கும் வழியை 1981இல் வெளியிட்டார். 1984இல் அவர் காலமானார். ஆனால் அவர் ஊன்றிய விதை முளைத்துவிட்டது.

இந்த மீனில் அப்படி என்ன சிறப்பு? கேளுங்கள். முதலாவது, தாய் மீன் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை நீரில் இடும். இரண்டாவது, முட்டையும் அதனுள் வளரும் கருவும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கத்தி படாமலே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். மூன்றாவது, வளர்ச்சி மிக விரைவு. முட்டை கருவுற்ற ஒரே நாளில் இருதயம் துடிக்கத் தொடங்கிவிடும். இன்று மாலை முட்டை என்றால், நாளை மாலை இருதயத் துடிப்பு! அந்தத் துடிப்பின் வேகமும் தாய் வயிற்றிலுள்ள மனிதக் குழந்தையின் இருதயத் துடிப்பை ஒட்டியே இருக்கும்.

நான்காவது சிறப்புதான் இருதய ஆராய்ச்சிக்கு மிக முக்கியம். எலியின் கருவுக்கு இருதயம் பழுதானால் அது உடனே இறந்துபோகும். ஆராய்ச்சியாளர் பார்க்கவே நேரம் இருக்காது. வரிக்குதிரை மீன்குஞ்சு மிகச் சிறியதாகையால், அதன் உடம்புக்குத் தேவையான பிராணவாயு நீரிலிருந்து தோல் வழியாகவே ஊறி உள்ளே போய்விடும். இரத்தம் ஓடாவிட்டாலும் அது சில நாள் உயிரோடு இருக்கும். பழுதான இருதயம் எப்படிப் பழுதாயிற்று என்பதை அந்த நாட்களில் உற்றுப் பார்க்கலாம்.

1990களில் இரண்டு இடங்களில் மாபெரும் ஆராய்ச்சி நடந்தது. ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டு என்ற பெண் விஞ்ஞானி தலைமை தாங்கினார். ஈக்களில் செய்த ஆராய்ச்சிக்காக 1995இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உல்ஃப்காங் டிரீவர், மார்க் ஃபிஷ்மன் ஆகியோர் அதே பணியை மேற்கொண்டனர். மீன்களின் மரபணுக்களில் அங்கங்கே மாற்றம் உண்டாக்கி, பிறக்கும் குஞ்சுகளில் எதில் என்ன குறை தோன்றுகிறது என்று ஆயிரமாயிரமாகச் சோதித்தார்கள். முடிவுகள் 1996 டிசம்பரில் ஒரே இதழில் 37 கட்டுரைகளாக வெளிவந்தன.

கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடிக்கைப் பெயர் வைத்தார்கள். துடிக்கவே துடிக்காத இருதயத்துக்கு "ஊமை இருதயம்" என்று பெயர். மேலறை இரண்டு முறை துடித்தால் கீழறை ஒரு முறை மட்டும் துடிக்கும் மீனுக்கு ஒரு நடனத்தின் பெயர். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் அடைபட்ட மீனுக்குச் சாலை நெரிசலின் பெயர். பெயர் வேடிக்கை; செய்தி வேடிக்கையன்று. ஊமை இருதய மீனில் கெட்டுப்போன மரபணு எது என்று 2002இல் கண்டார்கள். இருதயத் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு புரதத்தின் மரபணு அது. அதே மரபணு கெட்டால் மனிதருக்கும் இருதயத் தசைநோய் வருகிறது. நடன மீனில் கெட்டிருந்த மரபணு, சில மனிதக் குடும்பங்களில் இளம் வயதினரைத் திடீரென்று சாய்த்துவிடும் துடிப்புக் கோளாற்றுக்கும் காரணமாக உள்ள மரபணுவே. 2013இல் இந்த மீனின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது இதன் காரணம் விளங்கிற்று. மனிதனின் மரபணுக்களில் நூற்றுக்கு 70 அளவுக்கு இந்த மீனிடம் இணையான மரபணு உண்டு.

சிங்கப்பூருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1999இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்தில் கோங் சியுவான் என்ற பேராசிரியரின் குழுவினர், கடலில் மிதக்கும் இழுது மீனின் ஒளிரும் மரபணுவை வரிக்குதிரை மீனுக்குள் செலுத்தினர். மீன் பச்சையாக ஒளிவிட்டது. நீரில் நச்சுப்பொருள் கலந்தால் ஒளிவிட்டுக் காட்டிக்கொடுக்கும் மீனை உண்டாக்குவது அவர்கள் எண்ணம். அதன் வழிவந்த மீன்கள் அமெரிக்காவில் அலங்கார மீன்களாகவும் விற்பனைக்கு வந்தன. இதே உத்தியைக் கொண்டு, இருதயம் மட்டும் பச்சையாக ஒளிரும் மீனைத் தைவான் விஞ்ஞானிகள் 2003இல் உருவாக்கினர். இருட்டில் மின்மினிபோல் துடிக்கும் அந்த இருதயத்தைப் பார்த்தே அதன் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் அளந்துவிடலாம்.

அடுத்த செய்தி 2013இல் வந்தது. சிங்கப்பூரில் புரூனோ ரிவர்சாட் என்பவரின் ஆராய்ச்சிக் குழு, எலாபெலா என்று பெயரிடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு இயக்குநீரைக் கண்டது. அதற்கான மரபணுவைப் பயனற்றது என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த மரபணு இல்லாத மீன்குஞ்சுகளுக்கு இருதயம் அரைகுறையாக உண்டாயிற்று. சிலவற்றுக்கு உண்டாகவே இல்லை. அதே இயக்குநீர் மனித உடம்பிலும் இருக்கிறது. பயனற்றது என்று ஒதுக்கியதே இருதயம் உருவாவதற்குத் தேவையான சாவியாக இருந்தது பாருங்கள்!

நம் மக்களோடு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி முதலிய விஞ்ஞானிகள் 2009இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருதயத் தசையைச் சேர்ந்த ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு 4 பேர் அளவில் காணப்படுகிறது என்பதே அது. இக்குறை உள்ளவர்களுக்கு நடுவயதுக்கு மேல் இருதயத் தசை பலவீனமடையும் அபாயம் கூடுதல். குறை இருப்பதாலேயே நோய் கட்டாயம் வந்துவிடும் என்பதில்லை. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். அந்த மரபணுவின் வேலையை மீன்குஞ்சில் தடுத்துப் பார்த்தபோது, அதன் இருதயச் சுவர் தடித்துப்போனதை 2013இல் கண்டார்கள். நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு குறையின் தன்மையை, நம் வயல் மீனே படித்துக் காட்டுகிறது.

இனி, எல்லாவற்றிலும் வியப்பான செய்திக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்களுக்குச் சிரமமே இராது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவினால், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்துவிடும். சில ஆண்டு கழித்து அங்கேயே மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் போச்சு. அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். காயம் ஆறும், ஆனால் ஆறிய இடம் பழைய பட்டையாக இராது.

மனித இருதயமும் இப்படித்தான். மாரடைப்பில் ஒரு குழாய் அடைபட்டு, இரத்தம் கிடைக்காத தசை இறந்துபோகிறது. அந்த இடத்தில் உடம்பு தழும்பை உண்டாக்கி அடைத்துவிடுகிறது. தழும்பு கிழியாமல் தாங்கும், ஆனால் துடிக்காது. மீதியுள்ள தசை கூடுதல் சுமையை இழுத்து இழுத்து நாளடைவில் ஓய்ந்துபோகிறது. நம் இருதயத் தசை புதுப்பிக்கப்படுவதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1 பங்கு அணுக்கள் புதிதாகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. மாரடைப்பின் இழப்பை ஈடுகட்ட இது எம்மட்டும்?

2002இல் அமெரிக்காவில் கென்னத் பாஸ், லொரேன் வில்சன், மார்க் கீட்டிங் ஆகிய மூவர், வளர்ந்த வரிக்குதிரை மீனின் இருதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதலில் இரத்தம் உறைந்து காயத்தை அடைத்தது. பின்பு தழும்பு வரவேண்டிய இடத்தில் புதுத்தசை வளர்ந்தது. இரண்டு மாதத்தில் இருதயம் முழுமையாகித் துடித்தது. பட்டை வளர்வதுபோல் இருதயமே வளர்ந்துவிட்டது!

வெட்டுக்காயம் வேறு, மாரடைப்பு வேறு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் அதையே கேட்டார்கள். 2011இல் சில குழுவினர் இருதயத்தின் ஒரு பகுதியைக் கடுங்குளிரால் கொன்று பார்த்தனர். அங்கே தசை இறந்தது. மாரடைப்பில் போலத் தழும்பும் வந்தது. ஆனால் மீன் அந்தத் தழும்பையும் மெல்லமெல்லக் கரைத்துவிட்டுப் புதுத்தசை வளர்த்தது. புதுத்தசை எங்கிருந்து வருகிறது? எஞ்சியிருக்கும் தசை அணுக்களே சிறிது இளமைக்குத் திரும்பிப் பிரிந்து பெருகுகின்றன என்று 2010இல் இரண்டு குழுவினர் தனித்தனியே நிறுவினர்.

இந்தத் திறன் எல்லா மீனுக்கும் இல்லை. ஜப்பானிய நெல்வயல்களில் வாழும் மெடாக்கா என்ற சிறுமீனுக்கு இருதயம் இப்படி வளர்வதில்லை என்று 2014இல் தெரிந்தது. இரண்டும் வயல் மீன்கள். ஒன்றால் முடிகிறது, ஒன்றால் முடியவில்லை. பிறந்து ஒருநாள் ஆன சுண்டெலிக்குஞ்சுக்கும் இத்திறன் உண்டு. ஏழாம் நாளுக்குள் அதை இழந்துவிடுகிறது என்று 2011இல் கண்டார்கள். ஆகவே, பாலூட்டிகளுக்கும் ஒரு காலத்தில் திறந்திருந்த கதவு பிறகு சாத்தப்படுகிறது. சாத்துவது எது, மீண்டும் திறக்க முடியுமா என்பதே இன்றைய கேள்வி.

நேயர்களே, ஆசை காட்டி ஏமாற்றுவது விஞ்ஞானத்துக்கு அழகன்று. எனவே குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மீனின் இருதயத்துக்கு அறைகள் இரண்டே, நமக்கு நான்கு. கொழுப்புப் படிந்து குழாய் அடைபடும் நம்முடைய மாரடைப்பு மீனுக்கு அப்படியே வருவதில்லை. மீனில் பலிக்கும் மருந்து மனிதனுக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இறந்த இருதயத் தசையை மனிதனில் மறுபடி வளர்க்கும் மருந்து இன்னும் நம் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை. ஆயினும், புது மருந்து ஒன்று இருதயத் துடிப்பைக் கெடுக்குமா என்று முன்கூட்டியே மீன்குஞ்சில் சோதிக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதனால் ஆபத்தான மருந்துகள் மனிதரிடம் வருவதற்கு முன்பே விலக்கப்பட வழி பிறந்திருக்கிறது.

உயிர்களை வைத்து இப்படிச் சோதிக்கலாமா என்று மனம் கூசுவோரும் நம்மில் உண்டு. அந்தக் கூச்சம் நல்லதே. அதனால்தான் இத்தகைய ஆராய்ச்சிக்கு முன்அனுமதியும் கட்டுப்பாடும் பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு மீன் தன் உயிரைக் கொடுத்துக் கற்பிக்கும் பாடத்தை வீணாக்காமல் இருப்பது நம் கடமை.

அந்தப் பாடத்தின் முதல் வரி இதுதான்: இறந்த இருதயத் தசை நமக்குத் திரும்பி வளராது. ஆகவே, அது இறப்பதற்கு முன்பே விரைய வேண்டும். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இவை தோன்றினால் வாயு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு வலி குறைவாகவும் களைப்பும் மூச்சுத் திணறலும் மிகுதியாகவும் இருப்பதுண்டு. வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று எந்தத் தாயும் பொறுத்திருக்கக் கூடாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் உடனே அழையுங்கள். குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் இருதய நோயால் இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகையை விட்டொழியுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் வாய்க்காலில் சிறுமீனைப் பிடித்துப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்தால், அதட்டுவதற்கு முன் ஒரு கணம் அதைப் பாருங்கள். அப்படிப்பட்ட மீன் ஒன்றுதான் கோசி ஆற்றிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, சிங்கப்பூருக்கும் வந்து, மனிதனுக்கு அவன் இருதயத்தைப் பற்றிப் பாடம் சொல்கிறது. இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். புட்டி மீனைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளை, நாளைக்கு அந்தச் சாத்திய கதவைத் திறக்கும் விஞ்ஞானியாக வரக்கூடும்.